சறோ அக்காவின் ஐந்தாவது அடி

செவ்வாய்க்கிழமை காலை, டார்ம்ஸ்டாட் லூயிசன்பிளாட்ஸில் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தபோது மரிசெலிடமிருந்து செய்தி வந்தது. ஜெர்மனில் ஒரே வரி: "சறோ இன்று காலை போய்விட்டார்." ஆறு வருடமாகியும் என் ஜெர்மன் அரைகுறைதான். ஆஹென் நகரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க சறோ அக்கா கிளம்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். "எப்போது திரும்புகிறார்?" என்று பதில் அனுப்பினேன். மரிசெல் எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருப்பது திரையில் தெரிந்தது. இரண்டு டிராம்கள் போயின. பிறகு அவரே அழைத்தார். பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அப்போதுதான் அந்த ஒரு வரி எனக்கு விளங்கியது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சரோஜினிதேவி என்பது முழுப்பெயர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இருபதுகளில் அகதியாக ஜெர்மனிக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தார். அறுபத்து மூன்று வயது. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று மகள் அபி சொன்னார். கை நடுங்குபவர்களுக்குக் கஞ்சி ஊட்டியும், படுக்கையில் கிடப்பவர்களைத் திருப்பிப் படுக்க வைத்தும், பெயர் மறந்தவர்களுக்கு அவர்களுடைய பெயரை நாளுக்கு நாற்பது தடவை சொல்லியும் வாழ்ந்த அந்த மனிதருக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று: பழிவாங்கும் படங்கள்.

"காதல் படத்தில ஆர் ஆரைக் கட்டினால் எனக்கென்ன தம்பி? அநியாயம் செய்தவன் ஒருத்தன் மாட்டுப்படவேணும். அதைப் பாக்கத்தான் நான் வீட்டை விட்டு வெளிக்கிடுறன்" என்பார்.

அவருடைய குரலைத்தான் முதலில் கேட்டேன், பிறகுதான் அவரைப் பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் வேலைக்காக வந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருந்த நேரம். ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் சிறிய திரையரங்கில் ஒரு பிலிப்பைன்ஸ் படம் போட்டிருந்தார்கள். உள்ளே ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். படம் தொடங்கி அரை மணி நேரத்தில், எனக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து ஒரு பெண் குரல், திரையைப் பார்த்து, சுத்தமான தமிழில் சொன்னது: "விடாதை பிள்ளை. அவன்ர முகத்தை வடிவாப் பாத்து வைச்சுக்கொள்."

மாதக்கணக்காக வேலையிடத்தில் ஆங்கிலமும் கடையில் கைச்சாடையுமாக இருந்தவனுக்கு, அந்த இருட்டில் அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஊதாநிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி, பக்கத்தில் இன்னொரு பெண். அந்த இன்னொருவர்தான் மரிசெல். சறோ அக்காவோடு அதே இல்லத்தில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் செவிலியர். அவர்தான் தன் நாட்டுப் படம் வந்திருக்கிறது என்று அக்காவை அழைத்து வந்திருக்கிறார்.

அந்தப் படத்தின் டகாலோக் மொழிப் பெயரை சறோ அக்காவால் கடைசிவரை உச்சரிக்க முடியவில்லை. எங்களுக்கு அது எப்போதும் கருவாட்டுப் படம்தான். கதை சிக்கலானதல்ல. கடற்கரையில் கருவாடு காயவைத்து விற்கும் ஒரு தாய். செவிலியர் படிப்புப் படிக்கும் அவருடைய மகள், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டதற்காகக் கொல்லப்படுகிறாள். கொல்லச் சொன்னவர் முன்னாள் போலீஸ் அதிகாரி, இப்போது அரசியல்வாதி. வழக்கு மூடப்படுகிறது. தாய் கருவாட்டுக் கூடையோடு மணிலாவுக்குப் போய், அந்த ஆளுடைய வீட்டிலேயே சமையல்காரியாகச் சேர்கிறார். அதற்குப் பிறகு படம் முழுக்கச் சமையல்தான். துப்பாக்கி ஒரே ஒரு தடவை வருகிறது. அதுவும் அலமாரிக்குள் கிடக்கிறது.

அந்தத் தாயாக நடித்தவர் படத்தில் எங்குமே குரலை உயர்த்தவில்லை. மகளின் உடலை அடையாளம் காட்டும் இடத்திலும் அழவில்லை. மகளின் கால் நகத்தில் ஒட்டியிருந்த மணலைத் தன் விரலால் தட்டிவிடுகிறார், அவ்வளவுதான். எதிராளியாக நடித்தவர் அதைவிடக் கஷ்டமான வேலையைச் செய்திருந்தார். அவரை வெறுக்கவே விடவில்லை. சாப்பாட்டில் ருசி போய்விட்ட ஒரு கிழவர், இந்தச் சமையல்காரியின் குழம்பில் மறுபடி ருசி காண்கிறார். "இன்னும் கொஞ்சம் சோறு இருக்கிறதா?" என்று சிறுபிள்ளை போலக் கேட்கிறார். சமையல்காரிக்குக் கண் மங்குகிறது என்று கண்டு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறார். அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாய் முதல்முறையாக அவர் முகத்தைத் தெளிவாகப் பார்க்கிறார்.

உச்சக்காட்சி ஒரு மழை நாள். அவர் தனியாகச் சாப்பிடுகிறார். மீன் முள் தொண்டையில் சிக்குகிறது. தாய் அகப்பையோடு பின்னால் நிற்கிறார்.

படம் முடிந்து வெளியே வந்ததும் நானே போய்ப் பேசினேன். "அக்கா, நீங்க தமிழா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மரிசெலிடம் ஜெர்மனில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு என்னிடம், "சினிமாவில கதைக்கிற மாதிரியே கதைக்கிறியள். அதைத்தான் அவவுக்குச் சொன்னன்" என்றார்.

நான் உற்சாகத்தில் படத்தைப் பற்றிக் கொட்டத் தொடங்கினேன். இந்தியாவில் இருந்தபோது இணையத்தில் திரைவிமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஒளிப்பதிவு, நிறங்கள், ஃப்ரேமிங் என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். அந்த மனுசியின்ர வலக்கையைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு அடைக்கிற நேரம், அந்தக் கை தானா எழும்புது. பாதித் தூரம் அவற்ற முதுகுக்குப் போகுது. பிறகு மனுசி மற்றக் கையால அதைப் பிடிச்சு வயித்தோட வைச்சுக்கொள்ளுறா. முப்பது வருசமா நான் அடைச்ச ஆக்களின்ர முதுகில அடிச்சுக்கொண்டிருக்கிறன் தம்பி. அந்தக் கையை மறிக்கிறது எவ்வளவு பாடு எண்டு எனக்குத் தெரியும். அந்த நடிகைக்கும் தெரிஞ்சிருக்கு."

அன்று வீட்டுக்குப் போய் விமர்சனம் எழுதத் தொடங்கி, பாதியிலேயே அழித்தேன். அடுத்த நாள் மறுபடி போய் அந்தக் கையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் பார்த்த படத்தைவிட அவர் பார்த்த படம் நல்ல படமாக இருந்தது.

இந்தப் படத்தை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். எல்லாரும் என்றால், தொலைக்காட்சித் தொடர்களைத் தவிர வேறொன்றும் பார்க்காத அவருடைய தோழிகள். ஜெர்மன் எழுத்துகள் திரையில் ஓடும் வேகத்துக்கு அவர்களால் வாசிக்க முடியாது. "அப்ப நாங்கள் கதைப்பம்" என்றார் அக்கா. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, படம் ஓட ஓட, தமிழில் எல்லா வசனத்தையும் நாங்களே பேசுவது. தாய் அவர். எதிராளி நான்.

எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. அதைக் கேட்கத்தான் முதலில் போனோம். அப்போதைய தலைவர் தம்பிராசா அண்ணை. நல்ல மனிதர். ஆனால் தலைவர் என்ற பதவி அவருடைய தோளில் ஏறி உட்கார்ந்திருந்த காலம் அது. கூட்டத்தில் முப்பது பேருக்கு முன்னால் சொன்னார்: "சறோ, இது கலைவிழா வைக்கிற மண்டபம். கண்ட கண்ட வெட்டுக்கொத்துப் படத்துக்கு இல்லை. வயசு போன காலத்தில உமக்கு ஏன் இந்த விசர் வேலை?"

எல்லாரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், புதியவனாக இருந்த நானும் லேசாகச் சிரித்து வைத்தேன். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். டிராமில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். இரண்டு நிறுத்தங்கள் தாண்டியதும் என் பக்கம் குனிந்தார்.

"ஆயிரம் பேரின்ர பீ மூத்திரம் அள்ளினனான். அதுக்கெல்லாம் எனக்கு வெக்கம் வரேல்லை. இண்டைக்கு வந்திட்டுது." பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தாளுக்கு நான் ஒருநாள் குடுக்காமல் விடமாட்டன்."

நான் சிரித்ததற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கும் ஒண்டு இருக்கு. அதைப் பிறகு பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு அவர் முகம் தெளிந்துவிட்டது.

அடுத்த வாரமே நாங்கள் படம் பார்த்த அந்தத் திரையரங்கின் பொறுப்பாளரைச் சந்திக்க அக்கா நேரம் வாங்கினார். ஒரு ஞாயிறு காலைக் காட்சியைத் தருவதாக அந்த ஜெர்மன் பெண்மணி ஒப்புக்கொண்டார். படத்தை ஜெர்மனியில் வெளியிட்டவர்களுக்கு அக்கா ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன். பாதிப் பக்கம் அந்த நடிகையின் வலக்கையைப் பற்றியே இருந்தது. ஒரு தடவை காட்ட அனுமதியும், ஒத்திகைக்கு ஒரு பிரதியும் அனுப்பினார்கள்.

ஒத்திகை அக்காவின் சமையலறையில். மரிசெல் டகாலோக்கைக் கேட்டு ஜெர்மனில் சொல்வார், அக்கா அதைத் தமிழாக்குவார், நான் மடிக்கணினியில் தட்டுவேன். இரண்டாம் நாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்கு ஒண்டு விளங்கேல்லை. கொல்ல வந்த வீட்டில நிண்டுகொண்டு, அந்த மனுசி ஏன் எந்த நேரமும் அவனைப் போ, போ எண்டுறா? அவன் எங்க போறது? அவன்ர வீடெல்லோ?"

நான் மறுபடி ஓட்டினேன். உண்மைதான். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு 'போ' இருந்தது. இதை அக்கா ஜெர்மனில் விளக்கியதும் மரிசெல் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: டகாலோக்கில் 'போ' என்பது மரியாதைச் சொல். பெரியவர்களிடம் பேசும்போது சேர்த்துக்கொள்வது. அதற்குத் தனியாகப் பொருள் கிடையாது.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப அது எங்கட 'கோ'! சாப்பிடுங்கோ, இருங்கோ, வாங்கோ. அதுதானே?" பிறகு அவருக்கே ஏதோ தட்டியது. "கடைசியில, அவனுக்கு அடைக்கேக்க, அவ ஒரு சொல்லுச் சொல்லுறாவே. அதில 'போ' இருக்கோ?"

கடைசிக் காட்சியை ஓட்டினோம். தாய் குனிந்து, அவர் காதருகே ஒரே சொல்லும், பிறகு மகளின் பெயரும் சொல்கிறார். மரிசெல் காதைத் திரைக்கு அருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "இல்லை" என்றார். "இரண்டு மணி நேரத்தில் முதல் தடவையாக இல்லை. நான் தியேட்டரில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. ஏன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது."

ஜெர்மன் எழுத்துகளில் அங்கும் வழக்கமான மரியாதையோடுதான் 'சாப்பிடுங்கள்' என்று போட்டிருந்தார்கள். படம் முழுவதும் 'சாப்பிடுங்கோ' என்று சொல்லிவந்த பெண், அந்த ஒரு இடத்தில் 'சாப்பிடு' என்கிறார். பழி அவ்வளவுதான். அந்த நடிகை அதைக் கத்தவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. ஓர் ஒலியை மட்டும் விட்டுவிட்டார். அக்கா எழுந்து சமையலறைக்குள் ஒரு சுற்று நடந்தார். "இதை ஜெர்மன்காரன் கோட்டை விட்டிட்டான். நாங்கள் விடமாட்டம்" என்றார். அன்றைக்கு அவரைப் போல மகிழ்ச்சியான ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

என் பங்கில்தான் தகராறு. முதலில் யாழ்ப்பாணத் தமிழில் பேசிப் பார்த்தேன். இரண்டு வரியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். "வேண்டாம் தம்பி, காது கூசுது. நீங்கள் உங்கட தமிழே கதையுங்கோ. அவன் பட்டணத்தான்தானே. கடற்கரைச் சனத்துக்கு நான் இருக்கிறன்." அது பொருந்திவிட்டது. அடுத்த சண்டை, முள் சிக்கும் காட்சியில். நான் ஒலிவாங்கிக்குள் இருமி, கனைத்து, கரகரத்து, மூச்சுத் திணறி, என் முழுத் திறமையையும் காட்டினேன். மரிசெல் கைதட்டினார். அக்கா தலையை ஆட்டினார்.

"இருமிறவன் தப்பிடுவான். உண்மையா அடைச்சவனுக்குச் சத்தம் வராது. அந்த நடிகரைப் பாருங்கோ, ஒரு சத்தம் போடுறாரோ? கை மட்டும் மேசைத் துணியைப் பிடிக்குது. அந்தாள் ஆரையோ பாத்துத்தான் நடிச்சிருக்கிறார். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அதுதான் உங்கட நடிப்பு."

ஆக என் பாத்திரத்தின் மிகப் பெரிய காட்சியில் எனக்கு வசனமே இல்லை. கூட்டத்தில் சிரித்ததற்கு அவர் வைத்திருந்த தண்டனை இதுவோ என்று கேட்டேன். "ஓம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரையரங்கு நிறைந்தது. வால்டோர்ஃபில் வேலை செய்யும் என் நண்பர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். மரிசெலின் ஆட்கள் இரண்டு வரிசை. மற்றதெல்லாம் அக்காவின் தோழிகள், அவர்களுடைய கணவர்கள், ஜெர்மனியிலேயே பிறந்த பிள்ளைகள். வாசலில் ஒரு மேசை நிறைய ரோல்ஸும் வடையும். மூன்றாவது வரிசையில் தம்பிராசா அண்ணை, மனைவியோடு, கைகளைக் கட்டிக்கொண்டு. மனைவி இழுத்து வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

படம் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் சிரிப்பும் சலசலப்புமாகப் போனது. பிறகு அக்காவின் குரல் எல்லாரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் நடிக்கவில்லை. இல்லத்தில் ஒரு கிழவரை எப்படிச் சாப்பிட வைப்பாரோ அப்படியே "சாப்பிடுங்கோ, இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்றார். அந்தச் சாதாரணக் குரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்ததால் அரங்கு மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. கண்ணாடிக் காட்சியில் யாரோ ஒரு அம்மா வாய்விட்டு, "ஐயோ, இரங்கிடாதை" என்றார்.

மழைக் காட்சி வந்தது. முள் சிக்கியது. நான் வாயை மூடிக்கொண்டேன். அரங்கில் மழைச் சத்தம் மட்டும். திரையில் அந்தக் கை மேசைத் துணியைப் பிடிக்கிறது. தாயின் வலக்கை எழும்புகிறது.

நாங்கள் இருவரும் திரைக்குப் பக்கத்தில், பார்வையாளர்களை நோக்கி உட்கார்ந்திருந்தோம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்க்கவில்லை. அவர் தன் கடைசிச் சொல்லுக்காக ஒலிவாங்கியை உயர்த்தியவர், அப்படியே அதை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். மூன்றாவது வரிசையில், எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, தம்பிராசா அண்ணை ஒரு கையில் பாதி வடையோடு, இன்னொரு கையால் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. பக்கத்தில் இருந்த மனைவிக்கே தெரியவில்லை.

அக்கா அவரை முன்னால் குனிய வைத்து, இடக்கையால் நெஞ்சைத் தாங்கி, வலக்கையை ஓங்கினார். ஒன்று. இரண்டு. அப்போதுதான் மனைவி அலறினார். மூன்று. பொறுப்பாளரான பெண்மணி படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். நான்கு. வடைத் துண்டு வெளியே வந்து முன் வரிசையில் விழுந்தது. தம்பிராசா அண்ணை பெரிதாக மூச்சை இழுத்தார், இருமினார். "அப்பாடா" என்று அரங்கு முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள் அக்காவின் கை இன்னொரு தடவை ஓங்கி இறங்கியது. ஐந்து. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய சத்தம்.

கண்ணெல்லாம் நீர் வழிய தம்பிராசா அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "வந்திட்டுது, வந்திட்டுது சறோ."

"தெரியும் அண்ணை" என்றார் அக்கா. "நாலு உங்கட தொண்டைக்கு. அஞ்சாவது என்ர கணக்கு."

முதலில் சிரித்தது தம்பிராசா அண்ணைதான். இருமிக்கொண்டே, முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தார். பிறகு அரங்கே வெடித்தது. பிலிப்பைன்ஸ் வரிசைகளுக்கு மரிசெல் மொழிபெயர்க்க, அங்கிருந்து இரண்டாவது அலை கிளம்பியது. வேனில் வந்த என் நண்பன் ஒருவன் இருக்கையில் ஏறி நின்று விசிலடித்தான்.

தம்பிராசா அண்ணையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகலாம் என்று அக்கா சொன்னார். அவர் மறுத்துவிட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த மனுசி அடிச்சவவோ, இல்லையோ?" அவருக்கு முடிவு தெரிய வேண்டும். மற்றவர்களுக்கும்தான். படத்தைப் பத்து நிமிடம் பின்னால் ஓட்டிப் போட்டார்கள். விளக்கு அணைந்தது. சிரித்துச் சிவந்த முகங்கள் மறுபடி மழைக்குள் போயின. முள், மேசைத் துணி, எழும்பிய கை, அதைப் பிடித்து இழுக்கும் மற்றக் கை. இந்தத் தடவை அக்கா குனிந்து ஒலிவாங்கிக்குள் சொன்னார்: "சாப்பிடு."

அதற்குப் பின் மகளின் பெயர்.

வாசலில் எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது தம்பிராசா அண்ணை அக்காவிடம் வந்தார். "அவ கையை மறிச்சுக்கொண்டா. நீர் மறிக்கேல்லை. அப்ப நீர் அவவைவிட நல்ல மனுசி."

அக்கா உடனே மறுத்தார். "அப்பிடிச் சொல்லாதையுங்கோ அண்ணை. அவ இழந்தது பிள்ளையை. நான் இழந்தது ஒரு மண்டபம். ரெண்டும் ஒண்டில்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாற்ற முன்னாலயும் அப்பிடிச் சொன்னது பிழை" என்றார். அதையும் எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து சங்க மண்டபத்தில் மாதம் ஒரு படம். நாற்காலி போடுவது, திரை கட்டுவது எல்லாம் தம்பிராசா அண்ணையின் பொறுப்பு. வடை மட்டும் நிறுத்தப்பட்டது.

நாங்கள் எப்போதும் ஒத்துப்போனதில்லை. கருவாட்டுப் படத்தில் சிறந்த நடிப்பு எது என்பதிலேயே நாலு வருடம் சண்டை போட்டோம். நான் எதிராளியாக நடித்தவர் பக்கம். நல்லவராகத் தோன்றிக்கொண்டே கெட்டவராக இருப்பது பெரிய காரியம் என்பேன். "நல்லவன் மாதிரி இருக்கிற கெட்டவனை நான் நிறையக் கண்டிருக்கிறன் தம்பி. அதுக்கு நடிப்புத் தேவையில்லை, பதவி போதும்" என்று முடித்துவிடுவார். ஆனால் போன வருடம் ஒருநாள், எதிர்பாராமல், வேலையிலிருந்து வரும் வழியில் அழைத்தார். இல்லத்தில் ஒரு கிழவர். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரரைக் கண்டாலே காறித் துப்புவாராம். இப்போது அக்கா வராவிட்டால் சாப்பிட மாட்டாராம். "இண்டைக்கு அவர், இன்னும் கொஞ்சம் இருக்கோ எண்டு கேட்டார். எனக்கு அந்தப் படத்தில வந்த ஆளின்ர முகம் ஞாபகம் வந்தது. நீங்கள் சொன்னது சரி. அந்தாள் பெரிய நடிகர்தான்." விவாதத்தில் அவரிடம் நான் வென்றது அந்த ஒரு தடவை மட்டும்.

போன சனிக்கிழமை, மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. தம்பிராசா அண்ணை பேச எழுந்தார். எழுதிக்கொண்டு வந்த தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "எனக்கு மழை நாளில இப்பவும் அந்த இடம் உளையுது" என்று தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். அபிதான் முதலில் சிரித்தார், கண்ணீரோடு. அதற்குப் பிறகு யாரும் அடக்கவில்லை. இரண்டு மணி நேரம் நடந்த அந்தக் கூட்டத்தில் பாதி நேரம் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் நின்ற ஒரு ஜெர்மன்காரர் உள்ளே பிறந்தநாள் விழாவா என்று கேட்டாராம்.

நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று இந்த நாட்களில் யோசித்தேன். அவரோடு கடைசியாகப் படம் பார்த்தது மூன்று வாரங்களுக்கு முன், பிராங்ஃபர்ட்டில். படம் சுமார்தான். முடிந்ததும் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அக்கா எழவில்லை. எப்போதும் எழுவதில்லை. பெயர்கள் ஓடத் தொடங்கியதும், அவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்பார். விளக்குப் பிடித்தவர், வண்டி ஓட்டியவர், துணி தைத்தவர், படப்பிடிப்பில் சமைத்தவர். எந்த நாட்டுப் பெயராக இருந்தாலும் எழுத்துக்கூட்டி வாசிப்பார். முன்பு எனக்கு அது கூச்சமாக இருக்கும். அன்று கேட்டே விட்டேன், ஏன் அக்கா என்று.

"சாப்பிட்டுப்போட்டு, சமைச்ச ஆளை எட்டியும் பாக்காமல் எழும்பிப் போறனீங்களோ?" என்றார். பிறகு, "இவ்வளவு சனம் சேர்ந்துதான் ஒரு மனுசியை ஒரு சொல்லுச் சொல்ல வைக்குதுகள். ரெண்டு நிமிசம் இருங்கோ" என்று என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நேற்று நானும் மரிசெலும் ஒரு படத்துக்குப் போனோம். முடிந்து விளக்கு வந்தது. துப்புரவு செய்பவர் துடைப்பத்தோடு கதவருகே நின்றார். இரண்டு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றார். நான் பெயர்களை வாசிக்கத் தொடங்கினேன், வாய்விட்டே. ஒரு பெயரில் தடுக்கினேன். மரிசெல் திருத்தினார். மறுபடி சரியாகச் சொன்னேன். அடுத்த பெயர் மேலே வந்தது.